ஒரு பாகம் தூரம்

என் மகள் முதன்முதலாக நடந்ததை நான் பார்க்கவில்லை. என் தந்தை பார்த்தார். 2025-ஆம் ஆண்டு மே மாதத்து முற்பகல் ஒன்றில், இராமேஸ்வரம் தீவுக்கு எதிரே உள்ள மண்டபம் என்ற ஊருக்கு அருகே வடகடற்கரையில், வலைகளைப் போட்டு வைக்கும் ஓலைக் கொட்டகையின் நிழலில், நீல வலைக் குவியலைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றவள், பற்றியிருந்த கையை விட்டுவிட்டு அவரை நோக்கி நடந்து வந்திருக்கிறாள். அந்த நேரத்தில் நான் தேநீர் வாங்குவதற்காகச் சாலையோரக் கடைக்குப் போயிருந்தேன். தூக்குவாளியோடு திரும்பியபோது மணல் அப்பிய கன்னத்தோடு அவள் அவருடைய மடியில் உட்கார்ந்திருந்தாள். "ஒம் மக நடந்துட்டா" என்றார் தந்தை. எத்தனை அடி வைத்தாள் என்று கேட்டேன். அவர் அடிகளை எண்ணியிருக்கவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, வலைக் குவியலை ஒட்டி மணலில் குப்புறச் சாய்ந்து, இரு கைகளையும் முடிந்த மட்டும் விரித்து, ஒரு கையின் நடுவிரல் நுனியிலிருந்து மறு கையின் நடுவிரல் நுனிவரை காட்டி, "ஒரு பாகம்" என்றார்.

கடலுக்குப் போகிறவர்களின் ஆழக்கணக்கு பாகம். இரு கைகளையும் விரித்துக் கயிற்றைப் பிடித்தால் வரும் நீளம் அது, ஏறக்குறைய ஆறடி. "அஞ்சு பாகத்துல வலை போட்டோம்" என்று என் தந்தை சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். நீரின் ஆழத்துக்கு மட்டுமே அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தி நான் கேட்டிருக்கிறேன். நாற்பது ஆண்டுகளாகக் கடலை அளந்த கைகள் என் மகளின் முதல் நடையை மணலில் அளந்து காட்டியபோது, நேரில் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு எழவே இல்லை. அந்த நடை போய்ச் சேர வேண்டிய கண்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று தோன்றியது.

அப்படித் தோன்றியதற்குக் காரணம் உண்டு. நான் நடக்கத் தொடங்கியபோது என் தந்தை கடலில் இருந்தார். நான் குப்புற விழுந்தபோதும், முதல் பல் முளைத்தபோதும் அவர் கடலில்தான் இருந்தார் என்று என் தாய் சொல்வார். அது குறையாகச் சொல்லப்பட்டதன்று. எங்கள் கரையில் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள். படகு வந்த காலையில் உறங்கி எழுந்து, வலையைச் சீர்செய்து, ஐஸும் டீசலும் ஏற்றி, மறுபடியும் கிளம்புகிற மனிதருக்குப் பிள்ளை வளர்ந்த செய்தி வந்து சேருமே தவிர, வளர்வது கண்ணில் படாது. தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் 2001-இல்தான் வந்தது. அப்போது 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் 61 நாட்களாயிற்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சுகள் பெருகட்டும் என்பதற்காகக் கடலைச் சும்மா விட்டு வைக்கிற காலம் அது. வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதங்களை என் தந்தை இதுவரை மனக்கலக்கத்தோடுதான் கழித்திருக்கிறார். இந்த ஆண்டு, பதினைந்து மாதப் பேத்தி வீட்டில் இருந்தாள். எனக்கும் பள்ளிக்குக் கோடை விடுமுறை. தாத்தாவும் பேத்தியும் நானும் பகல் முழுவதும் கொட்டகையில் கிடந்தோம்.

மகள் 2024 தை மாதத்தில் பிறந்தாள். பிறக்கும்போது எடை 2.8 கிலோ. நான் தமிழாசிரியன்; எதையும் எழுதி வைக்கிற பழக்கம் உடையவன் என்பதால் அவளுக்கென்று ஒரு குறிப்பேடு போட்டேன். அதன் முதல் பக்கத்தில் பிள்ளைத்தமிழின் பருவங்களை மாதக் கணக்கோடு எழுதினேன். மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் கைகொட்டி ஆடும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வாரானை, பதினைந்தில் அம்புலி என்று ஒற்றைப்படை மாதங்களாகவே அது போகும். வகுப்பில் பலமுறை நடத்திய பாடம்தான். ஆனால் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை உயர்த்தி ஆடுவது செங்கீரை என்று கரும்பலகையில் எழுதியவனுக்கு, அந்தத் தலை எழும்போது குழந்தையின் கழுத்து மடிப்பில் வியர்வை மின்னும் என்பதும், அந்த முயற்சியில் அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள் என்பதும், எழும்பிய தலை எதிரே தன் தாயைக் கண்டவுடன் அடக்கிய மூச்சு சிரிப்பாக வெளியே வரும் என்பதும் தெரிந்திருக்கவில்லை. புலவர்கள் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் பருவமாக வகுத்திருக்க வேண்டும்.

சப்பாணி வரை என் மகள் ஏறக்குறைய அந்தக் கணக்குப்படியே வந்தாள். அதன் பிறகு விலகினாள். அவள் தவழவே இல்லை. உட்கார்ந்த நிலையிலேயே ஒரு காலை மடித்து, மறு காலால் தரையை உதைத்து, இடுப்பால் நகர்ந்து வீடெங்கும் போனாள். பின்பக்கம் தேய்ந்து கிழிந்த ஜட்டிகளை என் தாய் கொடியில் காயப்போடும்போது, "ஒரு வருசத்துல எத்தனை துணியத்தா தேப்ப?" என்று கொஞ்சுவார். பதினோராம் மாதம் கடந்தது, ஆண்டு நிறைவும் வந்தது. வாரானைப் பருவமாகிய பதின்மூன்றாம் மாதத்தில், "வருக வருக" என்று கைநீட்டி அழைத்தால் நடந்து வர வேண்டியவள், உட்கார்ந்தபடியே விரைந்து நகர்ந்து வந்து மடியில் ஏறினாள். அவளோடு ஒரே மாதத்தில் பிறந்த பக்கத்துத் தெருக் குழந்தை வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "இன்னும் நடக்கலையா?" என்று கேட்டார்கள். அக்கறையோடு கேட்ட கேள்விதான்; ஆனாலும் ஒவ்வொரு முறையும் என் மனைவியின் முகம் சுருங்கும். இரவில் குழந்தையின் பாதங்களைக் கையில் ஏந்தி, உள்ளங்கால் தட்டையாக இருக்கிறதே என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

அந்தக் கவலையைத் தீர்த்தவர் தடுப்பூசி போடுகிற கிராமச் சுகாதாரச் செவிலியர். அவர் குழந்தையைத் தரையில் விட்டு, எதிரே ஒரு கிலுகிலுப்பையை ஆட்டி, அவள் நகர்ந்து போய் எடுப்பதையும், கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்பதையும், பக்கவாட்டில் அடி வைப்பதையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, பிடித்துக்கொண்டு இவ்வளவு செய்கிற பிள்ளை பிடிக்காமலும் செய்யும், பதினெட்டு மாதம் வரைக்கும் பொறுங்கள், அதற்குப் பிறகும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டலாம் என்றார். பிறகு நான் தேடிப் படித்ததில் அவர் சொன்னதன் அடிப்படை விளங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்கில், தனியாக நடப்பதற்கான இயல்பான காலம் 8.2 மாதத்தில் தொடங்கி 17.6 மாதம் வரை நீள்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்பது மாத இடைவெளி. ஒரு குழந்தை கருவில் உருவாகிப் பிறப்பதற்கு ஆகிற காலம். அதே ஆய்வில், நூற்றில் நான்கு குழந்தைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலேயே நடைக்கு வந்திருக்கின்றனர். உட்கார்ந்து நகர்கிற குழந்தைகள் சற்றுத் தாமதமாக நடப்பதும் மருத்துவர்கள் அறிந்த வழக்கமே. உள்ளங்கால் தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் அங்கே இருக்கிற கொழுப்புத் திண்டு. வளைவு தெளிவாகத் தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆகும். இவற்றை எல்லாம் குறிப்பேட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு அவர் குழந்தையின் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் அன்போடு ஒரு நடைச்சாதனம் வாங்கி வந்தார். நடுவே குழந்தையை உட்கார வைத்து, சுற்றிலும் சக்கரம் உள்ள பிளாஸ்டிக் வளையம். செவிலியர் அதை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். குழந்தை தன் எடையைத் தானே தாங்காமல் விரல் நுனியால் தள்ளிப் போகப் பழகும், படியில் உருண்டு அடிபடும் என்பது அவர் விளக்கம். கனடா நாடு 2004-இல் அவற்றின் விற்பனையையே தடை செய்திருக்கிறது. அதற்குப் பதிலாக என் தந்தை, படகில் மாற்றிய பழைய பலகைத் துண்டுகளை இழைத்து, மூன்று சக்கரம் வைத்த நடைவண்டி ஒன்றைச் செய்தார். குழந்தை பின்னால் நின்று, தன் காலில் தானே நின்று தள்ளுகிற, நம் வீடுகளில் வழிவழியாக இருந்த வண்டி. சிமெண்டுத் தரையில் அது கடகடவென்று ஓடியது; கொட்டகை மணலில் ஓட மறுத்தது. மணலில் சக்கரம் புதைந்ததும் அவள் வண்டியை விட்டுவிட்டு வலைக் குவியலைப் பிடித்தாள். அந்த வலைக் குவியலில் இருந்துதான் ஒரு பாகம் தூரம் நடந்தாள்.

நடை வந்த பிறகான நாட்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் முதல் நாள் நடையைக் காட்டிலும் அடுத்த மூன்று வாரங்கள்தான் எனக்குப் பெரிய காட்சி. மணல் ஒவ்வோர் அடியிலும் காலை உள்ளே வாங்கும். பெரியவர்களாகிய நாம் அதை உணர்வதில்லை. அவள் உணர்ந்தாள். இரு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கி, கால்களை அகல வைத்து, கட்டை விரல்களால் மணலைக் கவ்வி, ஒரு கால் புதையும்போது உடல் சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கையை ஆட்டிச் சரிசெய்துகொண்டு வருவாள். ஆடுகிற படகின் தளத்தில் என் தந்தை நடப்பது அப்படியே இருக்கும். அவரே அதைக் கவனித்துச் சொன்னார். விழுந்தால் அழுவதில்லை, பின்பக்கமாக உட்கார்ந்து, கையில் ஒட்டிய மணலைப் பார்த்து, அதில் ஒரு சிப்பித் துண்டு இருந்தால் அதைப் பொறுக்கி எங்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் எழுவாள். ஒருநாள் அரை மணி நேரம் எண்ணினேன். பதினோரு முறை விழுந்தாள். நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் கேரன் அடால்ஃப் தம் குழுவினரோடு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைப்பதாகவும் 17 முறை விழுவதாகவும் கண்டிருக்கிறார்கள். மணலில் நடப்பவளுக்கு நான்கைந்து விழுகை கூடுதலாகத்தானே இருக்கும் என்று தந்தையிடம் சொன்னேன். "மண்ணுதானே, தாங்கிக்கும்" என்றார்.

அதே நாட்களில் சாப்பாடும் மாறியது. அதுவரை பருப்புச் சோறும் சத்துமாவுக் கஞ்சியுமாக இருந்தவளுக்கு என் தாய் மீன் பழக்கினார். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முதலில் கொடுப்பது கிழங்கான் மீன். வெண்மையான மெல்லிய சதை, காரமில்லாமல் அவித்தாலே இனிக்கும். விசைப்படகுகள் நின்றாலும் நாட்டுப் படகுகள் கரையோரத்தில் பிடித்து வருவதால் தடைக்காலத்திலும் கொஞ்சம் கிடைக்கும். முள் எடுக்கிற வேலையில் என் தாய் கண்ணைப் பயன்படுத்துவதில்லை. சதையை உதிர்த்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து மெதுவாகத் தேய்ப்பார். மயிரிழை போன்ற முள்ளும் விரலில் தட்டிவிடும். அதைத் தட்டின் விளிம்பில் ஒட்டிவிட்டு, மறுபடியும் ஒருமுறை தேய்த்து, பிறகு சோற்றோடு பிசைந்து ஊட்டுவார். மகள் வாயைத் திறந்து காத்திருக்கிற நேரத்தில் அந்த விரல்களையே உற்றுப் பார்ப்பாள். சில நாட்களில், தன் தட்டில் இருந்த சோற்றுப் பருக்கையை எடுத்து, இரண்டு விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்து, தட்டின் விளிம்பில் எதையோ ஒட்டுவது போலச் செய்து, அதன் பிறகு தன் அப்பத்தாவின் வாயில் ஊட்டினாள். சுகாதார அட்டையில் இதற்குக் கட்டம் இல்லை. பிள்ளைத்தமிழிலும் பருவம் இல்லை. குறிப்பேட்டில் தனிப் பக்கம் எடுத்து எழுதினேன்.

பேச்சும் கரையைச் சார்ந்தே வந்தது. மீனுக்கு "மீ". தண்ணீருக்கும் கடலுக்கும் ஒரே சொல், "ண்ணீ". குவளையில் இருப்பதையும் அடிவானம் வரை கிடப்பதையும் அவள் ஒரே சொல்லால் அழைத்தாள். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. இரயிலுக்குக் "கூ". பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதிலிருந்து, 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறக்கப்படும் வரை, இராமேஸ்வரம் தீவுக்குள் இரயில் போகவில்லை. ஆகையால் அவள் பிறந்து பதினைந்து மாதம் வரை, கடலைத் தாண்டிப் போகும் இரயிலை அவள் கண்டதே இல்லை. 1914-இல் திறந்த பாலத்தின் வழியே நான் பள்ளிப் பருவத்தில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். மே மாத இறுதியில் அவளைச் சாலைப் பாலத்துக்குத் தூக்கிப் போய், கீழே நீருக்கு மேல் இரயில் ஊர்ந்து செல்வதைக் காட்டினேன். அவள் "கூ" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "ண்ணீ கூ" என்றாள். இரண்டு சொற்களை அவள் சேர்த்துச் சொன்னது அதுவே முதல் முறை. நீர்மேல் போகும் இரயில் என்ற பொருளை அந்த இரண்டு ஒலிகளில் அவள் கட்டிவிட்டாள். தமிழில் இரண்டு பெயர்ச்சொற்களை அருகருகே வைத்தால் நடுவில் உள்ள உருபு தொக்கி நிற்கும் என்பதை நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வாரம் நடத்துவேன்.

அம்புலிப் பருவமும் ஒரு மாதம் பிந்தியே வந்தது. சித்திரை முழுநிலவு மே 12-ஆம் நாள். எங்கள் வடகடற்கரையில் நின்றால் நிலவு நீரிலிருந்து எழுவது தெரியும். தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றுக் காலத்தில் தென்கடல் பொங்கிக் கிடக்கும். வடகடல் குளம் போல அடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் தென்கடலை ஆண்கடல் என்றும் வடகடலைப் பெண்கடல் என்றும் சொல்வது இதனால்தான். அடங்கிய நீரில் செம்மஞ்சளாக எழுந்த நிலவை என் தந்தை சுட்டிக் காட்டி, "அங்கின பாருத்தா" என்றார். அவள் நிலவைப் பார்க்கவில்லை. நீட்டிய விரலைப் பார்த்தாள். பிறகு விரலில் இருந்து கண்ணை எடுத்து, விரல் போகிற திசையில் மெல்ல நகர்த்தி, நிலவைக் கண்டுபிடித்தாள். கண்டவுடன் தன் கையை நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி, எங்கள் வீட்டில் காக்கையை அழைப்பது போல, "தா, தா" என்று அழைத்தாள். அம்புலியை விளையாட வா என்று அழைக்கிற பாடல்களை எத்தனையோ படித்திருக்கிறேன். அன்று நான் ஒரு வரியும் சொல்லவில்லை. அவள் அழைப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குப் பத்து நாட்கள் கழித்துத்தான் அந்த ஒரு பாகம்.

ஜூன் மாதம் பிறந்ததும் கொட்டகையின் வேலை வேகமெடுத்தது. படகுக்கு வண்ணம் பூசினார்கள்; இயந்திரத்தைச் சோதித்தார்கள்; வலைக் குவியல் நாளுக்கு நாள் சிறியதாயிற்று. எனக்கும் பள்ளி திறந்துவிட்டது. மாலையில் நான் வரும்போது தாத்தாவும் பேத்தியும் நண்டூருது நரியூருது விளையாடிக்கொண்டிருப்பார்கள். தந்தையின் விரல் கயிறு உரசிக் காய்த்தது. அது அவளுடைய உள்ளங்கையில் வட்டமிட்டு, முழங்கை மடிப்பைக் கடந்து, அக்குள் வரை ஊர்ந்து போவதற்குள் அவள் மூச்சு முட்டச் சிரித்துவிடுவாள். தடை முடிவதற்குச் சில நாட்களே இருந்தபோது அவள் ஆட்டத்தைத் திருப்பினாள். அவருடைய கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, உள்ளங்கையில் தன் விரலால் வட்டமிட்டாள். பெருவிரலின் அடியில் பழைய தூண்டில் தழும்பு ஒன்று உண்டு. அங்கே விரல் வந்ததும் நின்றாள், குனிந்து பார்த்தாள், அதன்மேல் ஊதினாள். அவள் விழுந்தால் அப்பத்தா அப்படித்தான் ஊதுவார். தந்தை அசையாமல் கையை நீட்டியபடியே இருந்தார்.

தடை நீங்கிப் படகு கிளம்பிய நாளில் நாங்கள் அவளைக் கரைக்கு அழைத்துப் போனோம். படகுகள் போன பின்னும் "ஐயா" என்று நீரைக் காட்டிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் அவர் இறங்கி வந்தபோது, இறால் வாசமும் டீசல் வாசமுமாக இருந்தவரை நோக்கி ஈரமணலில் நடந்து போனாள். அவர் குனிந்து கைகளை விரித்து, "எத்தனை பாகத்தா நடந்த?" என்று கேட்டார். அவள் நின்று, அவரைப் போலவே இரு கைகளையும் விரித்துக் காட்டினாள். அன்று முதல் ஒவ்வொரு முறை அவர் கரை திரும்பும்போதும் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் தவறாமல் நடக்கின்றன.

இப்போது அவளுக்கு இருபது மாதம். ஓடுகிறாள். அலை பின்வாங்கும்போது துரத்திப் போய், திரும்பி வரும்போது கத்திக்கொண்டு என் காலைக் கட்டிக்கொள்கிறாள். ஈரமணலை அள்ளிக் குவித்து, மேலே ஒரு சங்கை வைத்து, "வீது" என்கிறாள். சிற்றில் என்றால் விளையாட்டு மணல்வீடு. பிள்ளைத்தமிழில் அதை ஆண்பாலுக்கு உரிய பருவமாகச் சொன்னாலும், அதில் மணல்வீடு கட்டுகிறவர்கள் சிறுமியரே. ஆண்பிள்ளையை அவர்கள் சிதைக்காதே என்று வேண்டுவார்கள். எங்கள் கரையில் அவளுடைய சிற்றிலைச் சிதைக்க யாரும் இல்லை; அவளே மிதித்துவிட்டு மறுபடியும் கட்டுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தந்தை கரையில் இருந்தார். அவள் கைகளை விரித்து நின்றபோது, அசையாதே என்று சொல்லி, வலைக் கயிறு ஒன்றை அவளுடைய ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை பிடித்து, முடிச்சுப் போட்டு என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். 78 சென்டிமீட்டர். குறிப்பேட்டில் தேதி போட்டு, "மகளின் ஒரு பாகம்" என்று எழுதி, கயிற்றை அந்தப் பக்கத்திலேயே சுற்றி வைத்தேன்.